குன்றில்லாத நாட்டின் கோபுரங்கள்

முதல் நாள்: பெரிய கோயில்

கும்பகோணத்தில் ஏறிய பாசஞ்சர் ரயில் பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோயில் என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று நின்று போயிற்று. சன்னலுக்கு வெளியே நிமிர்ந்து பார்க்கும்படி இருந்தவை தென்னை மரங்களும் செல்போன் டவர்களும் ஊர்க்கோயில் கோபுரங்களும்தான். மற்றதெல்லாம் வயல். காவிரி கொண்டுவந்து பரப்பிய வண்டல் மண்ணில் ஒரு குன்றுகூடக் கிடையாது. குழந்தைக்கு மலை என்றால் என்னவென்று காட்டவேண்டுமானால் இந்தப் பக்கத்துக்காரர்கள் திருச்சிக்குத்தான் அழைத்துப் போகவேண்டும்.

சிறுவயதில் என்னைச் சென்னைக்கு அழைத்துப் போன மாமா, மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தின் முன் நிறுத்தி மாடிகளை எண்ணச் சொன்னார். வானளாவிய கட்டடம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். 1959-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் உயரம் 177 அடி. ஊருக்குத் திரும்பி வெகுநாள் கழித்தே, எங்கள் ஜில்லாவில் அதைவிட 39 அடி உயரமான கட்டடம் ஒன்று ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது என்பதும், அதையும் ஓர் அரசாங்கமே கட்டியது என்பதும் எனக்கு உறைத்தன. டெல்டாவில் ஆட்சியாளர்கள் எழுப்பிய உயரங்களை ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போது முளைத்தது. அதற்கு இப்போதுதான் நேரம் வாய்த்தது. உடன் வந்திருப்பவர் அதே மாமாதான். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டும் பென்சிலும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்ற தயக்கத்தோடுதான் உள்ளே நுழைந்தேன். விமானத்தின் 216 அடியும் 13 நிலைகளும் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் ஆனவை. ஆனால் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு அடித்தளத்தைச் சுற்றி நடந்தபோது இந்தக் கட்டடத்தின் அரசாங்க முகம் தெரியத் தொடங்கியது. கண்மட்டத்துக்குக் கீழே வரி வரியாக ஓடும் கல்வெட்டுகளில் பெரும்பகுதி கணக்குதான். தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில் ராஜராஜன் பிறப்பித்த ஆணை அங்கே இருக்கிறது. "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக" என்கிறது அது. அரசன் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது என எல்லாம் எடையோடு பதிவாகின. உச்சியில் வைக்க அவன் 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாள் கொடுத்த செப்புக்குடம் 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன்தகடு 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விட்டுவிடாத அந்த எழுத்தரை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இடம்பெற்றது. ஒரு கெஜட்டின் மேல் 216 அடி உயரத்துக்குக் கல்லை அடுக்கியது போல இருக்கிறது இந்தக் கோயில்.

நிழல் தரையில் விழாது என்ற கதையை எங்கள் அருகில் ஒருவர் தம் குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா என் காதருகே குனிந்து, "மாப்ள, நாம இப்ப வெயிலுக்கு ஒதுங்கி உக்காந்திருக்கறதே அதோட நிழல்லதானே" என்றார். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்பதும் இப்படிப்பட்ட கதைதான். சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. அதனால் தச்சனின் பெருமை எந்த வகையிலும் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த உயரத்தின் உள்ளே மாடி கிடையாது. கருவறைக்கு மேல் கல்வரிசைகள் நான்கு பக்கமும் சிறிது சிறிதாக உள்நோக்கி நீண்டு, உச்சிவரை வெறும் கூடாகவே போகின்றன. கீழ்நிலையில் கருவறைச் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே இருக்கும் சுற்றுப்பாதையில்தான் சோழர் ஓவியங்கள் உள்ளன. பிற்கால நாயக்கர் ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதற்கு மேல்நிலையில் 108 கரணங்களில், அதாவது நடன நிலைகளில், 81 மட்டும் செதுக்கப்பட்டு, மற்றக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அரசனோ அதிகாரியோ ஏறி நின்று நாட்டைப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட உயரம் இது இல்லை. ஊர்தான் இதைப் பார்க்கவேண்டும்.

கிளம்பும்போது மாமா தரையைக் காலால் தட்டிக் காட்டினார். தஞ்சாவூர் டெல்டாவின் விளிம்பில் இருக்கும் ஊர். இதற்கு மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்புறாங்கல் மேடு தொடங்கிவிடும். இந்தக் கனத்தை இன்னும் கிழக்கே வண்டலில் கொண்டுபோய் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கச் சொன்னார். யோசித்தேன்.

இரண்டாம் நாள்: அரண்மனை

இன்று முழுவதும் அரண்மனையிலேயே கழிந்தது. 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் கட்டத் தொடங்கி, 1676-க்குப் பிறகு மராட்டியர்கள் சேர்த்தும் மாற்றியும் கட்டிய இந்த வளாகத்தை, நேராக ஒரு வழியில் நுழைந்து மறு வழியில் வெளியேறும் கட்டடமாக எண்ணிக்கொண்டு வருபவர்கள் ஏமாந்து போவார்கள். முற்றம், அதையடுத்து இடிந்த சுவர், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம் என்று ஊருக்குள் ஊராக அது போய்க்கொண்டே இருக்கிறது. 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்து கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அவகாசியிலிக் கொள்கையின்படி சமஸ்தானத்தை எடுத்துக்கொண்ட பிறகு, காலப்போக்கில் அலுவலகங்களும் பள்ளிக்கூடமும் கலைக்கூடமும் நூலகமும் தனித்தனி மூலைகளில் குடியேறின.

சிற்பங்களை வைத்திருக்கும் கலைக்கூட முற்றத்துக்குள் வந்ததும் கூடகோபுரம் எதிரே நிற்கிறது. நாயக்கர் காலத்தது என்று கருதப்படும் இதன் உயரத்தை 190 அடி என்று சொல்வார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் கோயில் விமானம் என்றே நினைக்கத் தோன்றும். தளத்துக்குத் தளம் குறுகி, உச்சியில் சிகரம் போல முடிகிறது. ஆனால் உள்ளே சாமி கிடையாது. இது ஆயுதக் கிடங்காகவும் காவல் மேடாகவும் இருந்த கட்டடம். பெரிய கோயிலிலிருந்து நடந்து வரும் தூரத்தில், அதே வடிவத்தை வெடிமருந்துக்கும் வாளுக்கும் ஓர் அரசு கொடுத்திருக்கிறது. கடவுள் வீட்டின் மேல் மக்களுக்கு இருந்த பயபக்தியில் கொஞ்சம் தனக்கும் வரட்டும் என்று நாயக்கர் நினைத்தாரோ, கொத்தனாருக்கு உயரமாகக் கட்டத் தெரிந்த வடிவமே அது ஒன்றுதானோ! இரண்டாவது காரணத்துக்குத்தான் மாமாவின் ஓட்டு.

படிக்கட்டு குறுகலானது, இருட்டானது. படியின் உயரமோ முழங்காலைச் சோதிப்பது. வௌவால் நாற்றத்துக்கு மூக்கு பழகச் சற்று நேரம் ஆகும். திருப்பத்தில் பூச்சு உதிர்ந்திருந்த ஓர் இடத்தில் மாமா நின்றுவிட்டார். டார்ச்சை அடித்துப் பார்த்தோம். செங்கல்கள் நம் காலத்துச் செங்கலின் பாதிக் கனத்தைவிடக் குறைவு. அவற்றுக்கு இடையே இருந்த சுண்ணாம்புச் சாந்து ஏறக்குறைய செங்கல் அளவுக்கே கனமாக இருந்தது. அவர் கட்டைவிரல் நகத்தால் சாந்தை அழுத்திச் சுரண்டிப் பார்த்தார். நகத்தில் வெள்ளையாக ஒரு பொடிகூட ஒட்டவில்லை. "செங்கல் தூள் போட்டு அரைச்ச சுர்க்கி. எங்க ஆளுங்க இப்ப கட்டற சுவருல ஆணி அடிச்சா பாதிச் சுவரு கையோட வரும்" என்றார். எந்த ஆளுங்க என்று நான் கேட்கவில்லை, அவர் ஓய்வூதியக்காரர்.

கல் கிடைக்காத நாட்டில் கட்டடக் கலையின் கதை செங்கல், சுண்ணாம்பின் கதைதான். சோழ அரசு மேற்கிலும் தெற்கிலும் இருந்த குன்றுகளிலிருந்து கருங்கல்லை இழுத்து வந்தது. நாயக்கர்களும் மராட்டியர்களும் பெரும்பாலும் காலடி மண்ணையே சுட்டு அடுக்கினார்கள். கல் உத்தரத்தால் கடக்க முடியாத அகலத்தைச் செங்கல் வளைவால் கடக்கலாம். தர்பார் மண்டபத்தின் தடித்த தூண்களும் இதழ் இதழாக வெட்டிய வளைவுகளும் அப்படி வந்தவை. அந்த மண்டபத்தின் கூரையில் மீதியிருக்கும் வண்ணங்களைப் பார்த்துக் கழுத்து வலித்தது.

அடுத்தது மாடமாளிகை, மணிக்கோபுரம் என்றும் சொல்வார்கள். கூடகோபுரம் மூடிய கட்டடம், இதுவோ திறந்தது. மாடிமேல் மாடியாக நான்கு பக்கமும் வளைவுச் சாளரங்கள், காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. ஏறிப் பார்ப்பதற்காகவே எழுப்பப்பட்டது என்பது நின்று பார்த்த மாத்திரத்தில் விளங்குகிறது. தெருவைப் பார்த்து நிற்கும் சார்ஜா மாடியும் அவ்வாறே, அதன் மர உப்பரிகையின் வேலைப்பாட்டைக் கீழே நின்று அரைமணி நேரம் பார்க்கலாம். பெரிய கோயிலை ஊர் பார்த்தது. இங்கே அரசர் ஊரைப் பார்த்தார்.

தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலம் ஒன்றின் எலும்புக்கூட்டையும் அரண்மனையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கும் கட்டடக் கலைக்கும் தொடர்பில்லை. இருந்தாலும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் முழுவதும் அங்கேதான் இருந்தது.

மூன்றாம் நாள்: மழை

காலையிலிருந்து மழை. சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினோம்.

அரண்மனை உச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைத் தரிசித்த பிறகே விஜயராகவ நாயக்கர் மதிய உணவுக்கு உட்காருவார் என்று தஞ்சாவூரில் ஒரு கதை உண்டு. இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். மாமா நோட்டை எடுத்தார். அடியில் இருக்கும் உயரத்தை ஒன்றரையால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், பூமியின் வளைவு மறைக்காமல் எத்தனை மைல் தெரியும் என்ற கணக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அவரே போட்டார். 190 அடிக்கு 16.9 மைல். ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் 236 அடி என்றாலும் அது முடிந்தது 1987-ல், ஆகவே நாயக்கர் கதையில் அதைச் சேர்க்க முடியாது. கிழக்குப் பக்கத்து வெள்ளைக் கோபுரம் 144 அடி, அதற்கு 14.7 மைல். இரண்டையும் கூட்டினால் 31.6 மைல், அதாவது ஏறக்குறைய 51 கிலோமீட்டர். தஞ்சாவூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நேர்கோட்டுத் தூரமோ சுமார் 50 கிலோமீட்டர். கணக்கு மயிரிழையில் நாயக்கரைக் காப்பாற்றிவிட்டது. நடுவில் இருக்கும் மரங்களையும் வெயில்காலப் புழுதிப் படலத்தையும் பார்த்தால், உச்சிக் கலசத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு நல்ல கண்ணும் அதைவிட நல்ல பசிப்பொறுமையும் தேவைப்பட்டிருக்கும்.

இதே தொல்லை கம்பெனி அரசாங்கத்துக்கும் வந்தது. வில்லியம் லாம்டன் முக்கோண முறையில் நாட்டை அளந்துகொண்டு தெற்கே வந்தபோது, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டைப் பார்த்துக் கோணம் எடுக்கவேண்டிய அந்த வேலைக்குக் காவிரிச் சமவெளியில் ஒரு குன்றும் அகப்படவில்லை. ஆகவே கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாக ஆக்கிக்கொண்டார். 1808-ல் கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றும்போது அது சுவரில் மோதி, அளவு வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் பாடுபட்டு, நெளிந்த வட்டத்தை இம்மி இம்மியாக இழுத்துத் தாமே நேராக்கினார். வேறு ஆளாக இருந்தால் லண்டனுக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் நாள் நான் எழுதியதை இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாரும் ஏறி நின்று பார்க்காத உயரத்தின் மேல் கடைசியில் ஓர் அரசாங்கம் ஏறத்தான் செய்தது. கட்டிய அரசு இல்லை, அளக்க வந்த அரசு. அது இந்தப் பகுதியில் தனக்கென்று கோபுரம் எதையும் எழுப்பவில்லை. ஒற்றை மாடியும் நீளமான வராந்தாவும் அதற்குப் போதுமாக இருந்தன. வரைபடம் கைக்கு வந்த பிறகு மாடி எதற்கு?

நான்காம் நாள்: மனோரா

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரைக்குப் பேருந்து. ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தின் முகப்பை இறங்கிப் பார்க்க நேரம் இல்லாமல் போனது இந்தப் பயணத்தின் பெரிய குறை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புகளின் நடுவே இளங்கன்றுகள் நிறையத் தெரிந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன இடங்கள் அவை.

மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராஜன்பட்டினத்தில், மரங்களுக்கு மேலே இளஞ்சிவப்பாகத் தலை நீட்டுகிறது மனோரா. அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுமார் 75 அடி உயரம். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே வெளியே நீட்டிய இறவாரம், பக்கத்துக்குப் பக்கம் வளைவுச் சாளரம், சுற்றிலும் மதிலும் அகழியும். ஓர் அடுக்கைவிட அடுத்தது சற்றே சிறியதாக இருப்பதால், குழந்தைகள் பெட்டிமேல் பெட்டி வைத்து விளையாடியது போன்ற தோற்றம். மினார் என்ற சொல் ஊர் வாயில் மனோரா ஆகிவிட்டது.

இதைக் கட்டியவர் இரண்டாம் சரபோஜி, கட்டிய காலம் 1814–15. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதன் நினைவுச்சின்னம் இது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் போர் நடந்தது 1815 ஜூன் 18-ல். வேலை 1814-ல் தொடங்கியது என்றால், சரபோஜி கொண்டாடியது அந்த ஆண்டு ஏப்ரலில் நெப்போலியன் முதல்முறை முடி துறந்ததைத்தான் என்று கொள்ளவேண்டும். நடுவில் அவர் எல்பாத் தீவிலிருந்து தப்பி வந்து மறுபடி பேரரசர் ஆன செய்தி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது கொத்தனார்கள் எத்தனையாவது அடுக்கில் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

சரபோஜியிடம் அப்போது அரசாங்கம் என்று ஒன்று இல்லை. 1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகம் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கோட்டையையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையும் உபகாரச் சம்பளத்தையும் வைத்துக்கொண்டவர் அவர். சுவடிகளைச் சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார், கண் மருத்துவம் பார்த்தார். அந்த வகையில் அவரைப் போன்ற இன்னொரு மன்னரைத் தஞ்சாவூர் கண்டதில்லை. ஆனால் தாம் நேரில் காணாத ஐரோப்பியப் போரில், தம் நாட்டை வாங்கிக்கொண்டவர்கள் பெற்ற வெற்றிக்காக, வங்கக் கடலின் கரையில் ஒரு கோபுரம் எழுப்பியதை நன்றி என்பதா, முன்ஜாக்கிரதை என்பதா?

உட்புறப் படிக்கட்டில் மேல் அடுக்குகளுக்குப் போக எங்களை விடவில்லை. 2004 சுனாமியில் சேதமாகிப் பிறகு பழுதுபார்க்கப்பட்ட கட்டடம் என்பதால் அதில் குறை சொல்ல ஏதுமில்லை. மதில்மேல் உட்கார்ந்து மாமா நோட்டில் உயரங்களை வரிசைப்படுத்தினார். நாளை பார்க்கப்போகும் நாகூர் பெரிய மினாராவையும் சேர்த்து, கட்டிய கால வரிசையில் எழுதினார்: 216, 190, 131, 75. நான்கு கட்டடங்களை வைத்துக்கொண்டு விதி எழுதுவது தவறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சோழப் பேரரசன், தனியரசு நடத்திய நாயக்கர், நாகூர் மினாராவைக் கட்டிய, கம்பெனியோடு பேரம் பேசிக்கொண்டிருந்த பிரதாப் சிங், சம்பளம் வாங்கிய சரபோஜி என்று அந்த எண்களுக்கு எதிரே ஆட்களை எழுதிப் பார்த்தபோது, இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மாமா, "மண்ணு அப்படி மாப்ள, கடல் பக்கம் வர வர அஸ்திவாரம் தாங்காது" என்றார். பொறியியல் விளக்கமும் இருக்கட்டும்.

ஐந்தாம் நாள்: நாகூர்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியே நாகூர். ஷாகுல் ஹமீது ஆண்டவர் தர்காவின் ஐந்து மினாராக்களில் நான்கு ஒன்றோடொன்று ஒட்டிய அளவிலும், ஐந்தாவது தலைவாசல் அருகே அவற்றையெல்லாம் விஞ்சியும் நிற்கின்றன. 131 அடி உயரமான அந்தப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிள்ளை வரம் வேண்டிக்கொண்டதாகவும், மகன் பிறந்த பிறகு நேர்த்திக்கடனாக இதை எழுப்பியதாகவும் சொல்கிறார்கள். இந்து அரசர், முஸ்லிம் இறைநேசர், கிறித்தவக் கம்பெனிகளின் கப்பல்கள் போய்வரும் கரை என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். கும்பகோணத்திலிருந்து கந்தூரிக்கு வருபவர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

சதுரமான உடம்பு, மாடத்துக்கு மாடம் குறுகும் அடுக்கு, வெள்ளைச் சுண்ணாம்பு. அருகே நின்றால் புறாக்களின் சிறகடிப்புதான் பெரிதாகக் கேட்கிறது. அடியில் பூ விற்கும் பெண்மணியின் கூடை, வெயில் நகர நகர மினாராவின் நிழலோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்ததை மாமா கவனித்துச் சிரித்தார்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், கடலில் எவ்வளவு தூரம் வரை பெரிய மினாரா தெரியும் என்று மாமா கேட்டார். கையில் ஜி.பி.எஸ். வந்ததிலிருந்து அதைப் பார்க்கும் தேவை குறைந்துவிட்டது என்றும், தம் அப்பா காலத்தில் அதை வைத்துத்தான் கரை பிடிப்பார்கள் என்றும் அவர் சொன்னார். பிறகு, "பதினாலு, பதினஞ்சு நாட்டிக்கல் வரைக்கும் நிக்கும் அண்ணே. அதுக்கு அந்தாண்ட தண்ணிக்குள்ள எறங்கிடும்" என்றார்.

மாமா மணலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். 131 அடிக்கு 14 மைல், படகில் நிற்கும் ஆளின் கண்ணுக்கு 6 அடி வைத்து 3 மைல், ஆக 17. அது தரை மைல் என்று முணுமுணுத்துக்கொண்டே 1.15-ஆல் வகுத்தார். 14.8 வந்தது. நோட்டை வலைக்காரரிடம் நீட்டினார். அவர் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதையேதான் எழுதி வச்சிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.